இரண்டுங்கெட்டான் வயதும் பாரிஸ் பட்டணமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நமது வீட்டு வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவரும் நம்மிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படிக்கிறவர்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். விடுமுறை நாளில் மாணாக்கர்கள் உபாத்தியாயரைத் தேடி வந்தால், ஒன்று, பரீட்சை நெருங்கியிருக்க வேண்டும். அல்லது எங்கேயாவது ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும். நாம் உள்ளூற இரண்டாவதற்குத் தயாரானோம். ஆனால் வந்த விஷயம் வேறு.

"சார், நாங்கள் ஒரு ஸினிமா எடுக்கப் போகிறோம். அதில் நீங்கள் வாத்தியாராக நடிக்க வேண்டும்" என்றான் மூவரில் உயரமானவன். காமிரா எங்கே என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினான். கதை என்ன என்று கேட்டோம். "எங்களைப் பற்றித்தான், சார்" என்றான் மற்றவன். காலையில் பஸ், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் மொட்டை மாடி, இவ்வளவுதானாம் கதை.

"பட்டணத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி டியூஷனுக்குப் போய்த் திரும்புவதில் பார்க்கிறதற்கு என்ன இருக்கிறது?" என்றோம்.

அந்தப் பெண் அதுவரையில் வாய் திறக்கவில்லை. "நீங்கள் பார்த்ததில்லை, சார்" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்றது. இருபது வருஷமாக அந்த வயதுப் பிள்ளைகளை நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் நாம். நாம் பார்க்காதது என்ன இருக்கிறது? நடிப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் எங்களோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள் என்று சொல்லி, அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். அன்று பார்த்த படத்தைப் பற்றியும், அதையொட்டி நம் மனத்தில் எழுந்த சில விஷயங்களைப் பற்றியுமே நேயர்களுக்கு இங்கே எழுத வந்தோம்.

படத்தின் பெயரைத் தமிழில் சொல்வதென்றால் 'நானூறு அடிகள்' என்று சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். படத்தில் அவ்வளவு அடி விழவில்லை. பிரெஞ்சு பாஷையில் அது ஒரு மரபுத் தொடர். ஒரு பையன் கட்டுக்கு அடங்காமல் கொட்டமடித்துத் திரிந்தால், அவன் நானூறு அடிகளையும் அடித்தான் என்று அங்கே சொல்வார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பெயரிட்டுவிட்டார்கள். அந்தப் பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது.

1959-ஆம் வருஷம் வெளியான இந்தப் படத்தை எடுத்தவர் பிரான்ஸ்வா த்ரூபோ. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அதற்கு முந்தின வருஷம் வரையில் அவர் ஸினிமா விமரிசகராக இருந்தவர். பிரெஞ்சுப் படங்களை அவர் தம் பத்திரிகையில் போட்டு வாங்கிய வாங்கில், 1958-இல் கான் நகரத்து ஸினிமா விழாவுக்கு வர வேண்டாமென்று அவருக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். மறு வருஷம் அதே விழாவில் இந்தப் படத்துக்காகச் சிறந்த டைரக்டர் பரிசை அவருக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. காலச் சக்கரம் சில சமயம் வெகு வேகமாகச் சுற்றுகிறது.

கதாநாயகன் ஆந்த்வான் என்ற பையன். வயது பதின்மூன்று இருக்கலாம். குழந்தை என்று மடியில் வைத்துக் கொஞ்சவும் முடியாது. பெரியவன் என்று பக்கத்தில் உட்கார வைத்துப் பேசவும் முடியாது. இரண்டுங்கெட்டான் வயது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அது. பாரிஸில் ஒரு குறுகலான குடித்தனத்தில் தாயாரோடும், தாயார் பிறகு மணந்துகொண்டவரோடும் வசிக்கிறான். அவனுக்கென்று அறை இல்லை. வாசற்கதவை ஒட்டிய நடையில் ஒரு பையை விரித்து அதற்குள் புகுந்து தூங்குகிறான். இரவில் பெரியவர்கள் பேசுவதெல்லாம் அவன் காதில் விழுகிறது. அவனை எங்கே அனுப்பித் தொலைப்பது என்பதும் அந்தப் பேச்சில் அடக்கம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான். தெருவில் தன் தாயார் வேறொரு மனிதரோடு நிற்பதைப் பார்த்துவிடுகிறான். தாயாரும் இவனைப் பார்த்துவிடுகிறாள். இருவருமே அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மறு நாள் உபாத்தியாயர் வராததற்குக் காரணம் கேட்டு அதட்டுகிறார். கடிதம் இல்லை, வாய்க்கு ஒன்றும் வரவில்லை. "என் அம்மா..." என்று இழுக்கிறான். "அம்மாவுக்கு என்ன?" "இறந்துவிட்டாள்."

நமது மாணாக்கர் மூவரும் இந்த இடத்தில் 'ஓ' வென்று சிரித்தார்கள். உபாத்தியாயரின் முகம் சட்டென்று மாறி அவர் குழைந்து போவதைக் கண்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு அதே நாளில் இறந்துபோன தாயார் கணவரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆந்த்வானின் கன்னத்தில் அறை விழுகிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

நாம் சிரிக்கவே இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு நமது வகுப்பில் ஒரு பையன் இரண்டு நாள் வராமலிருந்துவிட்டு, "பாட்டி செத்துப் போயிட்டாங்க, சார்" என்றான். அதே வருஷத்தில் அவன் அந்தக் காரணத்தைச் சொல்வது இரண்டாவது தடவை. "உனக்கு மொத்தம் எத்தனை பாட்டியடா?" என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவர்கள் என்று நமக்கு நம்மைப் பற்றி ஓர் எண்ணம். ஒரு வாரம் கழித்து அவனுடைய தகப்பனார் தலையில் முளைவிட்ட மயிரோடு கட்டணம் கட்ட வந்தபோதுதான், ஒவ்வொருவனுக்கும் இரண்டு பாட்டிகள் உண்டு என்ற சாதாரணக் கணக்கு நமக்குப் புரிந்தது. அந்தப் பையன் பிறகு நம்மிடம் எந்தக் காரணமும் சொன்னதில்லை. கேட்டால் பேசாமல் எழுந்து நிற்பான்.

அது கிடக்கட்டும். த்ரூபோவின் படத்தில் உள்ள பொய், அவர் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் வசம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாததற்கு, அப்பாவை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு நாள் அவர் காரணம் சொல்லி வைத்தாராம். தகப்பன் யார் என்று தெரியாமல் 1932-இல் பிறந்தவர், பாட்டியிடம் வளர்ந்தவர், பாட்டி காலமான பிறகே தாயாரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே இவருக்கு இருந்த இடம் எவ்வளவு என்பதை ஆந்த்வானின் நடைப் படுக்கையே காட்டுகிறது. புஸ்தகங்களிலும் ஸினிமாக் கொட்டகையின் இருட்டிலும் ஒளிந்துகொண்டு வளர்ந்தார். பதினாறாவது வயதில் ஒரு ஸினிமாச் சங்கம் தொடங்கிக் கடன்பட்டார். கடைசியில் வளர்ப்புத் தகப்பனாரே அவரைப் போலீஸில் ஒப்படைத்தார். வில்ஜுயிப் என்ற இடத்தில் இளங்குற்றவாளிகளை வைத்திருந்த விடுதியில் அவர் அடைக்கப்பட்டார்.

அங்கிருந்து அவரை மீட்டவர்களில் முக்கியமானவர் ஆந்த்ரே பஸான் என்ற விமரிசகர். வேலை கொடுத்து, வீட்டில் இடம் கொடுத்து, எழுதவும் கற்றுக் கொடுத்தார். இந்தப் படத்தின் படப்பிடிப்பு 1958 நவம்பர் 10-ஆம் தேதி தொடங்கிற்று. அன்றிரவே பஸான் நாற்பதாவது வயதில் காலமானார். படம் அவருக்குத்தான் ஸமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது.

சொந்தக் கதையைச் சொல்வதால் மட்டும் ஒரு படம் உண்மையாகிவிடுமா? அப்படியானால் நம் நாட்டில் எத்தனையோ சுய சரித்திரங்கள் உண்மையாக இருந்திருக்க வேண்டும். த்ரூபோ செய்த காரியங்களில் நமக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது, அவர் தமது கதையைப் பாதி வழியில் வேறொருவனிடம் விட்டுக்கொடுத்ததுதான்.

ஆந்த்வானாக நடிக்கப் பிள்ளைகள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வந்தவர்களில் ஒருவன் ஜான் பியேர் லேயோ, வயது பதினாலு. வெளியூரில் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தவன். இவனை மேய்க்க நம்மால் ஆகாது என்ற ரீதியில் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. த்ரூபோ மனத்தில் வைத்திருந்த ஆந்த்வான் கூச்சமும் பயமும் உள்ள நோஞ்சான். லேயோவோ துடுக்கன், வாய்க்கு வாய் பதில் சொல்கிறவன். வேறு டைரக்டராக இருந்தால், "இப்படி நில், அப்படி அழு" என்று அவனைத் தம் கதைக்குள் திணித்திருப்பார். த்ரூபோ கதையை அவனுக்கு ஏற்றபடி மாற்றினார். வசனங்களைக்கூட, அவன் வாயில் எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லட்டும் என்று விட்டார்.

இதன் உச்சமான காட்சி படத்தின் பிற்பகுதியில் வருகிறது. அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆந்த்வானுக்குப் பால்ஸாக் என்ற பெரிய நாவலாசிரியரிடம் அளவற்ற பக்தி. அவருடைய படத்தை ஒரு மாடத்தில் வைத்து மெழுகுவத்தி ஏற்றி, வீட்டையே கொளுத்தப் பார்க்கிறான். வியாஸம் எழுதச் சொன்னபோது, படித்தது அப்படியே மனத்தில் ஊறி எழுத்தில் வந்துவிடுகிறது. காப்பியடித்தான் என்று உபாத்தியாயர் வெளியே தள்ளுகிறார். வீட்டுக்குப் போக முகமில்லாமல் ரெனே என்ற சிநேகிதனோடு ஒளிந்து திரிகிறான். பணத்துக்காக அப்பாவின் ஆபீஸில் டைப்ரைட்டரைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. திருப்பிக் கொண்டுபோய் வைக்கும்போது பிடிபடுகிறான். த்ரூபோவுக்கு நேர்ந்ததுபோலவே, தகப்பனாரே போலீஸுக்கு அழைத்துப் போகிறார். இரவில் போலீஸ் வண்டிக் கம்பிகளுக்குப் பின்னால் பாரிஸின் விளக்குகள் நகர்ந்து போகின்றன. பையன் கன்னத்தில் கண்ணீர் பளபளக்கிறது. அந்த நகரத்தின் தீப அலங்காரத்தை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். இந்த வண்டிக்குள்ளிருந்து பார்த்ததில்லை.

சீர்திருத்த விடுதியில் மனோதத்துவ டாக்டர் ஒரு பெண்மணி அவனைக் கேள்வி கேட்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரிவதே இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. காமிரா பையனுடைய முகத்தைவிட்டு அசைவதில்லை. இந்தப் படம் தெருக்களிலும் நிஜ வீடுகளிலும் எடுக்கப்பட்டபடியால் பேச்சையும் ஓசைகளையும் பெரும்பாலும் பிறகே ஒலிப்பதிவு செய்து சேர்த்தார்கள். இந்தக் காட்சியில் மட்டும் பையன் பேசும்போதே அவன் குரலைப் பதிவு செய்தார்கள். கேள்விகளைக் கேட்டவர் த்ரூபோவே. இன்னின்ன விஷயங்களைக் கேட்பேன் என்று சொல்லி வைத்திருந்தார். இன்ன பதிலைச் சொல் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு தமது குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நடிகையின் குரலைச் சேர்த்தார்.

பையன் மேஜையில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டே பதில் சொல்கிறான். ஏன் பொய் சொல்கிறாய் என்ற கேள்விக்கு, உண்மையைச் சொன்னாலும் நம்புவதில்லையே, அதற்குப் பொய்யே மேல் என்ற கருத்துப்பட ஏதோ சொல்கிறான். முகத்தில் இலேசான சிரிப்பு. அழுகை இல்லை, கோபம் இல்லை. படம் முழுவதிலும் ஆந்த்வானை யாராவது கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பதிலைக் காதுகொடுத்துக் கேட்பது இந்த ஒரு தடவைதான்.

உபாத்தியாயர்களாகிய நமக்கு இது உறைக்க வேண்டிய இடம். நாமும் நாள் முழுவதும் கேள்வி கேட்கிறவர்கள்தான். ஆனால் நமது கேள்விகளுக்கெல்லாம் விடை நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாத கேள்வியைப் பிள்ளைகளிடம் நாம் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தோம். ஞாபகம் வரவில்லை.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. படம் வெளியானதும் த்ரூபோவின் தாயாரும் வளர்ப்புத் தகப்பனாரும் மிகவும் மனம் நொந்து போனார்கள். ஊரறியத் தங்களைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டதாக நினைத்தார்கள். அவர்கள் தரப்பை யார் படம் எடுத்தார்கள்? ஒருவரும் எடுக்கவில்லை. அந்தப் படத்து உபாத்தியாயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எப்போதும் சிடுசிடுப்பு. தேகப் பயிற்சி ஆசிரியரோ ஊதலை ஊதிக்கொண்டு முன்னால் ஓடுகிறார். பின்னால் வரும் பிள்ளைகள் இருவர் மூவராகச் சந்து பொந்துகளில் கழன்று கொள்ள, கடைசியில் அவரோடு ஓடுவதற்கு ஒன்றிரண்டு பேரே மிஞ்சுகிறார்கள். உயரத்திலிருந்து எடுத்த அந்தக் காட்சிக்கு நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனாலும் நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு திண்டாடும் அந்த மனிதரிடம் போய் யாராவது, "ஐயா, உம்முடைய பாடு எப்படி?" என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றிற்று.

படத்தின் முடிவில் ஆந்த்வான் விடுதியிலிருந்து தப்பி ஓடுகிறான். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டம்தான். காமிராவும் கூடவே ஓடுகிறது. அவன் அதுவரையில் கண்டிராத கடல் எதிரில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் போக வழியில்லை. திரும்புகிறான். முகம் அப்படியே உறைந்து நிற்கிறது.

விளக்கைப் போட்டோம். உயரமான பையன், "அவன் ஏன் சார் டைப்ரைட்டரைத் திருப்பி வைக்கப் போனான்? தெருவிலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாமே!" என்றான். திருட்டுத் தொழிலில் நமது மாணாக்கரின் யோசனையை எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் கேட்டாள்: "அந்தப் பையன் அப்புறம் என்ன சார் ஆனான்?"

"கதை அங்கேயே முடிந்துவிட்டதம்மா."

"கதையில் இல்லை, சார். நிஜப் பையன்."

நல்ல கேள்வி. லேயோ அதிர்ஷ்டசாலி. பள்ளிப் படிப்பு அவனுக்கு ஒத்து வரவில்லை, த்ரூபோ கைவிடவில்லை. பொறுப்பேற்றுக் கொண்டு, தம் படங்களில் உதவியாளனாகவும் வைத்துக்கொண்டார். ஆந்த்வானின் கதையையும் விடவில்லை. 1962, 1968, 1970, 1979 என்று மேலும் நான்கு படங்களில் அதே ஆந்த்வானாக அதே லேயோ நடித்து, காதலித்து, கல்யாணம் செய்துகொண்டு, விவாகரத்தும் செய்துகொண்டான். ஒரு மனிதன் பதினாலு வயதிலிருந்து முப்பத்துநான்கு வரையில் ஒரே பாத்திரமாக வளர்ந்ததை உலகம் பார்த்தது. த்ரூபோ 1984-இல் ஐம்பத்திரண்டாவது வயதில் மறைந்தார். லேயோவுக்கு 2016-இல் கான் விழாவில் கௌரவ விருது அளித்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. இதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1988-இல் ஸ்ரீமதி மீரா நாயர் 'ஸலாம் பாம்பே' என்ற படத்தை எடுத்தார். பம்பாய்த் தெருக்களில் டீக்கடை எடுபிடியாகத் திரியும் ஒரு சிறுவனின் கதை. நடிப்பதற்கு அவர் தேடிப் போனது தெருப் பிள்ளைகளையே. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தி, அவர்களில் 24 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் ஹிந்தி ஸினிமாவைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு வசனம் பேசினார்களாம். நடிப்பதை மறக்கச் செய்வதே பெரிய பாடமாக இருந்தது. படம் கான் விழாவில் முதற்படத்துக்கான காமிராப் பரிசைப் பெற்றது. கதாநாயகனாக நடித்த சிறுவனுக்குச் சிறந்த குழந்தை நக்ஷத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

பல வருஷங்களுக்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் அவனைத் தேடிப் போனபோது அவன் பெங்களூரில் ஆட்டோ ரிக்ஷா ஓட்டிக்கொண்டிருந்தான். ஆட்டோ ஓட்டுவது யோக்கியமான தொழில்; அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒருவனுடைய முகத்தை வாங்கி உலகமெல்லாம் காட்டிவிட்டு, பிறகு அந்த முகத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தால், அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? மீரா நாயர் இதை யோசிக்காதவர் அல்ல. அந்தப் படத்தையொட்டி அவர் தொடங்கிய 'ஸலாம் பாலக்' தர்ம ஸ்தாபனம் இன்றும் டில்லியிலும் பம்பாயிலும் தெருப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் படிப்பும் கொடுத்து வருகிறது. பல்லாயிரம் பிள்ளைகளுக்கு நன்மை செய்த ஒரு படத்தால் அந்த ஒரு பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி மட்டும் தனியாக நிற்கிறது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள், "அப்போ நாங்கள் எங்களையே எடுத்துக்கொள்வது நல்லதுதான், சார்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நமது கட்சிக்கு ஒரு படம் போட்டுக் காட்டுவதென்று தீர்மானித்திருந்தோம். அதே பாரிஸ், 1959-க்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே வயதுப் பிள்ளைகள். ஆனால் கதையை எழுதியவர் ஓர் உபாத்தியாயர். பிரான்ஸ்வா பெகோதோ என்ற அந்த ஆசிரியர் தமது வகுப்பு அனுபவங்களை வைத்து 2006-இல் ஒரு நாவல் எழுதினார். 'சுவர்களுக்கு நடுவே' என்பது அதன் பெயர். லோரான் கான்தே என்ற டைரக்டர் அதைப் படமாக்கினார். ஆசிரியர் வேடத்துக்கு நடிகர் யாரையும் அவர் தேடவில்லை. எழுதியவரையே நடிக்கச் செய்துவிட்டார்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த முறையைக் கேளுங்கள். பாரிஸின் கிழக்குப் பகுதியில், பல தேசங்களிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் மிகுந்த வட்டாரத்தில், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். விருப்பமுள்ளவர்கள் புதன்கிழமை மத்தியானங்களில் வரலாம் என்றார்கள். முதலில் ஐம்பது பேர் போல வந்தார்கள். பள்ளி வருஷம் முழுவதும் வாரந்தோறும் ஏதாவதொரு நிலைமையைச் சொல்லி, "இப்போது நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டுக் கேட்டுப் பேச வைத்தார்கள். ஒருவரையும் கழிக்கவில்லை, சலித்தவர்கள் தாங்களாகவே நின்று போனார்கள். கடைசி வரையில் தங்கிய சுமார் 25 பேரே படத்தின் வகுப்பு. படம் பிடிக்கும்போது மூன்று காமிராக்கள். ஒன்று ஆசிரியர் மேல். ஒன்று பேசப் போகும் மாணாக்கர் மேல். மூன்றாவது, வகுப்பில் எதிர்பாராமல் எங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஜன்னலைப் பார்க்கிற பையன், பேனாவை உருட்டுகிற பெண், அடுத்தவன் காதில் கிசுகிசுக்கிறவன். நமக்கும் அப்படி ஒரு மூன்றாவது கண் இருந்தால் எவ்வளவோ சௌகரியம்!

அந்தப் பிள்ளைகள் தங்களுடைய நிஜ வாழ்க்கையை அப்படியே காட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். படத்தில் முரடனாக வந்து பள்ளியைவிட்டு வெளியேற்றப்படும் பையனாக நடித்தவன், நேரில் பரம ஸாது. முகம் அவனுடையது, கஷ்டம் வேறொருவனுடையது. இந்த ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு இருப்பதாக நமக்குப் படுகிறது.

படத்தில் ஓர் இடம் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிரியர் கரும்பலகையில் உதாரண வாக்கியம் எழுதுகிறார். அதில் 'பில்' என்று ஒரு பெயர். உடனே இரண்டு பெண்கள் எழுந்து, எப்போது பார்த்தாலும் ஏன் இந்த மாதிரிப் பெயர்களையே எழுதுகிறீர்கள், எங்கள் வீட்டில் வைக்கிற பெயர் ஒன்றை எழுதக் கூடாதா என்று மடக்குகிறார்கள். ஆசிரியர் திணறிப் போகிறார். நாமோ இருபது வருஷமாகச் 'சாத்தன் வந்தான், கொற்றன் உண்டான்' என்று இலக்கணம் நடத்துகிறோம். நமது வகுப்பில் இன்றுவரையில் ஒரு சாத்தனாவது சேர்ந்ததில்லை. நம் மூன்று மாணாக்கர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாம் பார்க்காததுபோல் இருந்துவிட்டோம்.

கட்சி கட்டிப் பார்க்க வந்த நமக்கு ஏமாற்றம்தான். அந்த ஆசிரியர் நல்லவர், அறிவாளி, பிள்ளைகளோடு சரிக்குச் சரி வாதாடுகிறவர். ஆயினும் ஒரு நாள் கோபத்தில் வாய் தவறி இரண்டு பெண்களைத் தகாத வார்த்தை சொல்லிவிடுகிறார். அதிலிருந்து வளரும் கலகத்தில் பலியாவது அவர் அல்ல. அந்த முரட்டுப் பையன்தான். ஆசிரியரை நியாயப்படுத்தவுமில்லை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றவுமில்லை. வருஷக் கடைசியில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார். வாயாடிப் பெண் ஒருத்தி, தான் சொந்தமாக எடுத்துப் பிளாட்டோவின் 'குடியரசு' படித்ததாகச் சொல்லி அவரை அசத்துகிறாள். எல்லாரும் போன பிறகு, படம் முழுவதும் நாம் கவனித்திராத ஒரு பெண் மேஜையருகில் வந்து நிற்கிறாள். தான் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை என்று மெதுவாகச் சொல்கிறாள். அவர் என்னென்னவோ சமாதானம் சொல்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள். 2008-இல் கான் விழாவின் முதற்பரிசான தங்க ஓலை இந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதற்கு முன் ஒரு பிரெஞ்சுப் படம் அதைப் பெற்று இருபத்தொரு வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் மேடையில் ஏறி நின்றார்கள். கான்தே 2024-இல் காலமானார்.

அந்த மூன்றாவது காமிராவும் அந்தப் பெண்ணை வருஷம் முழுவதும் எவ்வளவு தடவை தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே அன்றிரவு நெடுநேரம் தூங்காமல் கிடந்தோம். நமது வகுப்புப் பதிவேட்டை மனத்துக்குள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தோம். மூன்று பெயர்களுக்கு முகம் வரவில்லை.

நடிக்கச் சம்மதித்தோம். பள்ளிக்கூடத்தில் படமெடுக்க அனுமதி கிடைக்காதபடியால் நமது வீட்டுக் கூடத்தையே வகுப்பறையாக்கினார்கள். மேஜைகளை நகர்த்தி, சுவரில் கறுப்புக் காகிதம் ஒட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நாம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாரானோம். நமது வசனம் எங்கே என்று கேட்டோம். அந்தப் பெண் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை நீட்டினாள். நமக்கு எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: 'வெளியே நில்.'

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், சார்."

கொஞ்சம் வருத்தம் தோய்ந்த குரலில், கண்ணியமாகச் சொன்னோம். "இல்லை, சார்" என்றாள். அடுத்த தடவை சற்று உரக்கச் சொன்னோம். அதுவும் சரியில்லையாம். மூன்றாவது தடவை கையையும் நீட்டிச் சொன்னோம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் பொறுமையாக நம்மிடம் வந்து, "நடிக்க வேண்டாம், சார். எப்போதும் சொல்கிறமாதிரி, எங்களைப் பார்க்காமல் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்" என்றாள்.

அப்படியே சொன்னோம். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. உயரமான பையன் எழுந்து வெளியே போனான். செல்போனைப் பிடித்திருந்தவனும் அவன் பின்னாலேயே போனான். நோட்டுப் புஸ்தகத்தோடு அந்தப் பெண்ணும் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நாம் மற்றப் பிள்ளைகளோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷமாயிற்று. திரும்பி வந்தபோது மூவருடைய முகத்திலும் வெயில் பட்ட சிவப்பு.

"வெளியில் என்ன எடுத்தீர்கள்?" என்று கேட்டோம்.

"படம் முடிந்ததும் நீங்களே பாருங்கள், சார்" என்றாள்.